தரைக்கு அடியில் வியர்த்த வீடுகள் - ஒரு வரலாறு

வெயில் காலத்தில் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த தண்ணீர் பாட்டிலை மேஜை மேல் வைத்துப் பாருங்கள். ஐந்தே நிமிடத்தில் அதன் வெளிப்புறம் முழுக்க வியர்த்துவிடும். எடுத்துப் பார்த்தால் மேஜையில் வட்டமாகத் தண்ணீர் நிற்கும். பாட்டில் ஒழுகவில்லை. காற்றில் கண்ணுக்குத் தெரியாமல் இருந்த நீராவிதான் குளிர்ந்த பரப்பைத் தொட்டதும் நீராகிவிட்டது. எட்டாம் வகுப்புப் பையனுக்கும் தெரிந்த அறிவியல் இது.

இந்தச் சின்ன விஷயத்தைச் சட்டம் எழுதியவர்கள் கவனிக்காமல் விட்டதால், அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பல மரவீடுகளின் தரை அடிப்பக்கத்திலிருந்து பூசணம் பிடித்து மக்கிப்போனது. அதுவும் சட்டத்தை மீறிக் கட்டிய வீடுகள் அல்ல, சட்டப்படி ஒழுங்காகக் கட்டிய வீடுகள்! சிவில் இன்ஜினியரிங் படிக்கும் எனக்கு இந்தக் கதை ஒரு துப்பறியும் நாவல் மாதிரி இருந்தது. அதைத்தான் இந்தக் கட்டுரையில் எழுதுகிறேன்.

கிரால் ஸ்பேஸ் என்றால் என்ன?

நம் வீடுகளில் அஸ்திவாரத்துக்கு நடுவே மண்ணைக் கொட்டி, கெட்டித்து, அதன் மேல் தரை போடுகிறோம். அமெரிக்காவில் பல வீடுகள் அப்படி இல்லை. மண்ணுக்கு மேலே இரண்டு மூன்று அடி உயரத்தில் மர உத்தரங்களைப் படுக்கவைத்து, அவற்றின் மேல் பலகை அடித்துத் தரை செய்கிறார்கள். மண்ணுக்கும் பலகைக்கும் நடுவே ஒரு இடைவெளி இருக்கும். அதில் நிமிர்ந்து நிற்க முடியாது, தவழ்ந்துதான் போக முடியும். அதனால்தான் அதற்குக் கிரால் ஸ்பேஸ் என்று பெயர். நாம் இங்கே 'அடிவெளி' என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், ஏ.சி. காற்றுக் குழாய் எல்லாம் பெரும்பாலும் இதற்குள்தான் ஓடும்.

இந்த அடிவெளியைச் சுற்றிச் சுவர் எழுப்பி, அந்தச் சுவரில் ஆங்காங்கே கம்பிவலை போட்ட சின்னச் சின்னக் காற்றுத்துளைகள் வைப்பார்கள். மண்ணிலிருந்து கிளம்பும் ஈரம் அந்தத் துளைகள் வழியே வெளியே போய்விடும் என்பது கணக்கு. கேட்பதற்கு நியாயமாகத்தானே இருக்கிறது? ஈரத்துணியைக் காற்றில் போட்டால் காய்கிறது, அதே மாதிரி மண்ணும் காயும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

பழைய வீடுகள் தப்பித்தது எப்படி?

19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்கத் தெற்கில் கட்டிய மரவீடுகள் பல, செங்கல் தூண்களின் மேல் நின்றன. அடியில் சுவரே கிடையாது. வெள்ளம் வந்தால் அடியில் ஓடிவிடும், கறையான் ஏறினால் கண்ணில் படும், காற்றும் தாராளமாக அடிக்கும். நியூ ஆர்லியன்ஸ் நகரின் பழைய வீடுகளில் இன்றைக்கும் இந்த அமைப்பைப் பார்க்கலாம்.

அந்த வீடுகள் நீடித்ததற்குக் காற்று மட்டும் காரணம் இல்லை. அவற்றில் வெப்பக்காப்பு, அதாவது இன்சுலேஷன் எதுவும் கிடையாது. குளிர்காலத்தில் அடுப்புச் சூடு பலகைச் சந்து வழியே கீழே கசிந்து மரத்தைக் காயவைத்தது. கோடையில் வீட்டுக்குள்ளும் வெளியிலும் ஏறக்குறைய ஒரே வெப்பம். மரத்தில் குளிர்ந்த பரப்பு என்று ஒன்று இல்லாதபோது அங்கே எது வியர்க்கும்? வீட்டுக்காரர்கள் குளிரிலும் வெயிலிலும் கஷ்டப்பட்டார்கள், மரம் சுகமாக இருந்தது!

பெயின்ட் உரிந்த கதை

1930களில் நிலைமை மாறியது. கண்ணாடியை நூல் நூலாக இழுத்துப் பஞ்சு போலச் செய்யும் முறை அந்தப் பத்தாண்டில்தான் பெரிய அளவில் கைகூடியது. ஃபைபர்கிளாஸ் தயாரிக்கும் ஓவன்ஸ்-கார்னிங் நிறுவனம் 1938-ல் உருவானது. சுவருக்குள்ளும் கூரைக்கு அடியிலும் இன்சுலேஷன் அடைப்பது பரவலானது. வீடுகள் கதகதப்பாயின.

ஆனால் வெளிச்சுவரில் அடித்த பெயின்ட் உரிய ஆரம்பித்தது. பெயின்டர்கள் இன்சுலேஷன்தான் தண்ணீரை இழுக்கிறது என்றார்கள். இன்சுலேஷன் விற்றவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. உண்மையில் நடந்தது நம் பாட்டில் கதைதான். குளிர்காலத்தில் வீட்டுக்குள் சமையலாலும் குளியலாலும் மூச்சாலும் உண்டாகும் நீராவி சுவர் வழியே வெளியே போகிறது. முன்பு சுவரின் வெளிப்பலகை கொஞ்சம் சூடாக இருந்தது. இன்சுலேஷன் வந்த பிறகு சூடு உள்ளேயே நின்றுவிட்டது, வெளிப்பலகை சில்லிட்டுப் போனது. நீராவி அதில் பட்டு நீரானது.

மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஃபிராங்க் ரௌலி என்ற பேராசிரியர் 1930களின் கடைசியில் இதைப் பரிசோதனைகள் மூலம் ஆராய்ந்தார். விஸ்கான்சின் மாநிலம் மேடிசனில் உள்ள அமெரிக்க அரசின் வனப்பொருள் ஆய்வுக்கூடமும் இதே காலத்தில் இதே பிரச்சினையை ஆராய்ந்தது. கிடைத்த விடை இதுதான்: நீராவியைத் தடுக்கும் தாளைச் சுவரின் சூடான பக்கத்தில், அதாவது வீட்டின் உட்பக்கத்தில் ஒட்டுங்கள்.

அருமையான விடை. ஆனால் இது எந்த ஊருக்கான விடை என்பதைக் கவனியுங்கள். மின்னசோட்டாவும் விஸ்கான்சினும் கனடா பக்கத்தில் இருக்கும் கடுங்குளிர்ப் பிரதேசங்கள். அங்கே ஆண்டின் பெரும்பகுதியில் சூடான பக்கம் என்றால் உள்பக்கம்தான். இந்த ஊர்க் கணக்கை வேறு ஊருக்கு எடுத்துப்போனபோதுதான் வம்பு வந்தது.

1942: ஒரு விதி பிறக்கிறது

அமெரிக்காவில் வீட்டுக் கடனுக்கு உத்தரவாதம் தரும் கூட்டாட்சி வீட்டு நிர்வாகம் 1934-ல் தொடங்கப்பட்டது. இந்த அமைப்பு கேட்டபடி கட்டாவிட்டால் அதன் உத்தரவாதத்துடன் கடன் கிடைக்காது. ஆகவே அது எழுதும் தரக்குறிப்புகள் கிட்டத்தட்டச் சட்டம் மாதிரி. 1942-ல் அது வெளியிட்ட தரக்குறிப்புகளில், அடிவெளிக்கு எவ்வளவு பரப்பில் காற்றுத்துளை வேண்டும் என்பதை எண்ணால் வரையறுத்தது. பின்னாளில் கட்டட விதிகளில் நிலைத்துப்போன எண் 1/150. அதாவது 150 சதுர அடித் தரைக்கு 1 சதுர அடி காற்றுத்துளை. 1500 சதுர அடி வீடென்றால் 10 சதுர அடி.

போர் முடிந்ததும் அமெரிக்க வீட்டுவசதி நிதி அமைப்புக்காக ரால்ஃப் பிரிட்டன் என்பவர் அடிவெளிகளை ஆராய்ந்தார். அவர் கண்டது மிக முக்கியமானது. ஈரத்தின் ஊற்று மண். ஈரமண்ணிலிருந்து ஒரு நாளில் வாளி வாளியாகத் தண்ணீர் ஆவியாகிறது. அந்த மண்ணை ஒரு தடுப்பால் மூடிவிட்டால் காற்றுத்துளைக்குத் தேவை மிகவும் குறைந்துவிடுகிறது! இதனால் பின்வந்த விதிகளில் ஒரு சலுகை சேர்ந்தது. மண்ணை மூடினால் 1/150-க்குப் பதில் 1/1500 போதும். அதே 1500 சதுர அடி வீட்டுக்கு 1 சதுர அடி மட்டும்.

யோசித்துப் பார்த்தால், பத்து மடங்கு குறைக்கலாம் என்பதே ஒரு பெரிய துப்பு. ஈரத்தைப் போக்குவது காற்று இல்லை, ஈரம் கிளம்பாமல் தடுப்பதுதான் வேலை என்று அது சொல்கிறது. ஆனால் அந்தத் துப்பை யாரும் கடைசி வரை பின்தொடரவில்லை. துளை வைப்பது பழக்கமாகிவிட்டது. பழக்கம் விதியாகிவிட்டது.

பல ஆண்டுகள் கழித்து, இலினாய் பல்கலைக்கழக ஆய்வாளர் வில்லியம் ரோஸ் இந்த விதிகளின் பூர்வீகத்தைத் தேடிக் கிளம்பினார். பழைய ஆவணங்களையெல்லாம் புரட்டி 1994-ல் அவர் எழுதியதன் சாரம் இதுதான்: காற்றோட்ட எண்கள் விதிப்புத்தகங்களில் கம்பீரமாக நிற்கின்றன, ஆனால் அவற்றைத் தாங்கி நிற்கும் ஆய்வு ஆதாரம் மிக மெலிது. ஒரு புத்தகத்திலிருந்து இன்னொரு புத்தகத்துக்கு எண் நகல் எடுக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

ஏ.சி. வந்தது, எல்லாம் தலைகீழானது

வில்லிஸ் கேரியர் 1902-ல் புரூக்ளினில் ஒரு அச்சகத்துக்காக முதல் நவீன ஏ.சி.யை வடிவமைத்தார். அது சாமானியர் வீட்டுக்கு வர இரண்டாம் உலகப்போர் முடிய வேண்டியிருந்தது. 1950, 60களில் தென் மாநில வீடுகளில் ஏ.சி. பரவியது. 1973-ல் அரபு நாடுகள் எண்ணெய் விற்பனையை நிறுத்தின. விலை எகிறியது. மின்சாரத்தையும் எண்ணெயையும் மிச்சப்படுத்த தரைக்கு அடியிலும் இன்சுலேஷன் வேண்டும் என்ற நிலை வந்தது. உத்தரங்களுக்கு நடுவே ஃபைபர்கிளாஸ் பஞ்சைச் செருகினார்கள். பஞ்சின் ஒரு பக்கத்தில் ஒட்டியிருக்கும் நீராவித் தடுப்புத்தாளை எந்தப் பக்கம் வைத்தார்கள்? மேல்பக்கம். சூடான பக்கம் உள்பக்கம்தானே, மின்னசோட்டாக் கணக்கு!

இப்போது ஒரு கோடை நாளைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். வெளியே 30 டிகிரி செல்சியஸ், ஒப்பு ஈரப்பதம் 65 சதவீதம். தென் மாநிலங்களில் இது சாதாரணம். இந்தக் காற்றின் பனிநிலை சுமார் 23 டிகிரி. அதாவது 23 டிகிரிக்குக் கீழே உள்ள எந்தப் பரப்பைத் தொட்டாலும் அது வியர்க்கும். இந்தக் காற்று துளை வழியே அடிவெளிக்குள் நுழைகிறது. அங்கே மண் குளிர்ச்சி, நிழல். காற்று 24 டிகிரிக்குக் குளிர்கிறது. உள்ளிருக்கும் நீராவி அதே அளவுதான், ஆனால் ஒப்பு ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தாண்டிவிடுகிறது. அதே இடத்தில் ஓடும் ஏ.சி. குழாயின் மேற்பரப்பு 23-க்கும் கீழே. அது சொட்டத் தொடங்குகிறது. தரைப்பலகையையும் மேலிருந்து ஏ.சி. குளிரவைத்திருக்கிறது. பஞ்சு வெப்பத்தைத் தடுக்குமே தவிர நீராவியைத் தடுக்காது. கீழிருந்து நீராவி பஞ்சுக்குள் புகுந்து போய்க் குளிர்ந்த பலகையைத் தொடுகிறது.

ஈரத்தை வெளியேற்ற வைத்த துளை, ஈரத்தை உள்ளே அழைத்துவரும் வாசலாகிவிட்டது!

ஈரப்பதம் நீண்ட நாட்கள் 80 சதவீதத்துக்கு மேல் நின்றால் மரத்தின் மேல் பூசணம் வளரும். மரத்துக்குள் இருக்கும் நீர் அதன் உலர் எடையில் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கவேண்டும் என்பது பொதுவான பாதுகாப்பு எல்லை. 30 சதவீதத்தை நெருங்கினால் மரத்தை மக்கவைக்கும் பூஞ்சைக்கு விருந்துதான். ஈரம் குடித்த பஞ்சோ கனத்துப்போய்த் தொங்கி, மண்ணில் விழுந்து கிடக்கும். இப்படி விழுந்த பஞ்சுக்குப் பணம் கொடுத்தவர் வீட்டுக்காரர். பூசண வாசனையை மூச்சில் வாங்குபவரும் அவர்தான். அடிவெளிக் காற்று பலகைச் சந்துகளின் வழியே வீட்டுக்குள் ஏறுகிறதே!

பிரின்ஸ்வில்லின் 12 வீடுகள்

இந்த இடத்தில் கதை ஒரு சின்ன ஊருக்குப் போகிறது. வட கரோலினாவில் டார் நதிக்கரையில் உள்ள பிரின்ஸ்வில். உள்நாட்டுப் போர் முடிந்து 1865-ல் விடுதலையான கறுப்பின அடிமைகள் வேறு யாருக்கும் வேண்டாத வெள்ளக்காட்டில் குடியேறி உருவாக்கிய ஊர் அது. 1885-ல் முறைப்படி நகரமாகப் பதிவானது. அமெரிக்காவில் கறுப்பின மக்களே பதிவுசெய்த மிகப் பழைய நகரம் என்ற பெருமை அதற்கு உண்டு. 1999 செப்டம்பரில் ஃபிளாய்ட் புயல் மழையில் டார் நதி கரையைத் தாண்டியது. ஊர் முழுக்க மூழ்கியது.

வீடிழந்த மக்களுக்குப் புது வீடுகள் தேவைப்பட்டன. அப்போது வட கரோலினாவின் அட்வான்ஸ்டு எனர்ஜி என்ற லாபநோக்கற்ற அமைப்பு, அமெரிக்க எரிசக்தித் துறையின் நிதி உதவியோடு அங்கே ஒரு ஆய்வு நடத்தியது. ஒரே வரைபடத்தில், ஒரே அளவில் (1040 சதுர அடி) கட்டிய 12 வீடுகள். நான்கு நான்காக மூன்று குழு. முதல் குழுவுக்குச் சட்டப்படி காற்றுத்துளை, தரைக்கு அடியில் பஞ்சு. இரண்டாவது குழுவுக்குத் துளைகளை அடைத்து, மண்ணையும் சுவரையும் பாலிதீன் ஷீட்டால் மூடி, தரைக்கு அடியில் பஞ்சு. மூன்றாவது குழுவிலும் துளை கிடையாது, ஆனால் இன்சுலேஷன் தரையில் இல்லாமல் அடிவெளிச் சுவரில். மூடிய அடிவெளிகளுக்கு ஏ.சி. குழாயிலிருந்து கொஞ்சமாய் உலர்ந்த காற்று விட்டார்கள். முதல் குழுவிலும் மண்ணை மூடியிருந்தார்கள் என்பதை மறக்கவேண்டாம். அதாவது பழைய முறையை வேண்டுமென்றே மட்டமாகச் செய்துவிட்டுத் தோற்கடிக்கவில்லை.

கோடையில் அளந்து பார்த்தார்கள். துளை வைத்த அடிவெளிகளில் பெரும்பாலான நாட்கள் ஒப்பு ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல். மூடியவற்றில் பெரும்பாலும் 60-க்குள். மூடிய வீடுகள் சூடாக்கவும் குளிரவைக்கவும் செலவழித்த சக்தியும் சராசரியாக 15 சதவீதம் அல்லது அதற்கும் மேல் குறைவு. வெள்ளத்தில் எல்லாவற்றையும் இழந்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்த குடும்பங்களுக்கு மாத பில்லில் அது சின்னத் தொகை இல்லை. 2004-ல் வட கரோலினா தன் கட்டட விதியில் மூடிய அடிவெளிக்கென்று தனிப்பகுதியைச் சேர்த்தது. ஒரு மாநிலத்தின் சட்டம் 12 வீடுகளிலிருந்து பாடம் கற்றது!

மூட முடியாத வீடுகள் என்ன செய்யும்?

'அப்படியானால் எல்லாத் துளைகளையும் அடைத்துவிட்டால் தீர்ந்ததா?' என்று கேட்பீர்கள். இல்லை. வெள்ளம் வரும் பகுதிகளில் அடியை அடைக்கக்கூடாது. தண்ணீர் உள்ளே வந்து போக வழி இல்லாவிட்டால் அதன் அழுத்தமே சுவரைத் தள்ளிவிடும். 2005 ஆகஸ்டில் கத்ரீனா புயல் நியூ ஆர்லியன்ஸை மூழ்கடித்த பிறகு, தெற்கு லூசியானாவில் தூண் மேல் நிற்கும் வீடுகளின் மதிப்பு மறுபடி எல்லோருக்கும் புரிந்தது. ஆனால் இப்போதைய தூண் வீட்டில் ஏ.சி. ஓடுகிறது. தரைக்கு இன்சுலேஷனும் வேண்டும். அடியில் திறந்த வெளி, மேலே குளிர்ந்த பலகை. என்ன செய்வது?

நாம் முன்பு பார்த்த மேடிசன் வனப்பொருள் ஆய்வுக்கூடம் இங்கே மறுபடி வருகிறது. லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, 2008 முதல் 2009 வரை தெற்கு லூசியானாவில் வீடுகளின் தரைக்கு அடியில் ஈரத்தை அளந்தது. இங்கேயும் 12 வீடுகள்தான். வெவ்வேறு வகை இன்சுலேஷன்களை ஒப்பிட்டார்கள். முடிவு தெளிவு. நீராவியைத் தாராளமாக விடும் பஞ்சும், அதே மாதிரி நீராவியை விடும் மென்மையான ஃபோமும் வைத்த இடங்களில் கோடையில் பலகை ஈரம் குடித்தது. நீராவியைத் தடுக்கும் கெட்டியான ஸ்பிரே ஃபோம், அலுமினியத் தாள் ஒட்டிய ஃபோம் பலகை ஆகியவை வைத்த இடங்களில் பலகை உலர்ந்தே இருந்தது.

இன்னும் இரண்டு விஷயங்களும் தெரியவந்தன. ஏ.சி.யை எவ்வளவு குளிராக வைக்கிறோமோ அவ்வளவு பலகை நனைகிறது. தரை மேல் வினைல் போல நீராவி புகாத விரிப்பு ஒட்டியிருந்தால் பலகைக்குள் வந்த ஈரம் மேலே போகவும் வழியில்லாமல் மாட்டிக்கொள்கிறது. குடியிருப்பவரின் பழக்கமும் கட்டடத்தின் ஆயுளைத் தீர்மானிக்கிறது என்பது எனக்குப் புதிய செய்தி.

எழுபது வருடப் பாடம்

இந்தக் கதையிலிருந்து, காற்றோட்டமுள்ள அடிவெளிக்கு மேல் தரையை எப்படிக் காப்பது என்பதற்குக் கிடைக்கும் விடையைத் தொகுத்துப் பார்க்கிறேன்.

முதலில் தண்ணீரைத் தடுக்க வேண்டும். கூரை நீர் வீட்டைவிட்டு விலகி ஓடவேண்டும். குழாய்க் கசிவும் ஏ.சி. வடிநீரும் அடிவெளியில் விழக்கூடாது. துணி உலர்த்தும் இயந்திரத்தின் காற்றையும் அங்கே விடக்கூடாது.

இரண்டாவது, மண்ணை பாலிதீன் ஷீட்டால் முழுக்க மூடவேண்டும். பிரிட்டன் 1940களிலேயே சொன்னது இதைத்தான்.

மூன்றாவது, குழாயும் ஒயரும் தரையைத் துளைத்து ஏறும் சந்துகளை அடைக்கவேண்டும். சந்து வழியே ஏறும் காற்று சுமந்துவரும் ஈரம் அதிகம்.

நான்காவது, இன்சுலேஷன் பலகையோடு ஒட்டி நிற்கவேண்டும், நடுவே இடைவெளி விட்டுத் தொங்கக்கூடாது.

ஐந்தாவதுதான் முக்கியம். நீராவி எந்தத் திசையில் போகிறது என்று பார்த்துத் தடுப்பை வைக்கவேண்டும். நீண்ட குளிர்கால ஊரில் அது வீட்டிலிருந்து கீழே போகும். ஏ.சி. ஓடும் ஈரமான வெப்ப ஊரில் கீழிருந்து மேலே வரும். அங்கே தடுப்பு கீழ்ப்பக்கம் இருக்கவேண்டும். அதற்காக ஃபோம் பலகையை உத்தரத்தின் அடியில் அடித்தால் ஒவ்வொரு இணைப்பையும் டேப் போட்டு மூடவேண்டும். அதிலும் ஒரு ஆபத்து உண்டு. மேலே குழாய் உடைந்தால் தண்ணீர் அந்தப் பலகை மேல் தேங்கி நிற்கும், கீழே இருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. எனவே அவ்வப்போது தவழ்ந்து போய்ப் பார்ப்பதைத் தவிர்க்க முடியாது!

இந்த வரலாற்றில் வில்லன் என்று யாரும் இல்லை என்பதுதான் என்னை யோசிக்க வைக்கிறது. ரௌலி தன் ஊருக்குச் சரியான விடை சொன்னார். 1942-ல் விதி எழுதியவர்களின் வீடுகளில் ஏ.சி. இல்லை, தரைக்கு அடியில் பஞ்சும் இல்லை. அந்த வீடுகளில் துளை பெரிய கெடுதல் செய்யவில்லை. பிறகு வீடு மாறியது, ஊர் மாறியது, எண் மட்டும் மாறவில்லை. எழுதியவர்கள் 'இது எந்த வீட்டுக்கு, எந்தக் காற்றுக்கு' என்று பக்கத்தில் ஒரு வரி எழுதிவைத்திருந்தால், பின்னால் வந்தவர்கள் யோசித்திருப்பார்கள்.

நாங்கள் வகுப்பில் கோடு புத்தகத்தைத் திறந்து எண்ணை எடுத்துக் கணக்கில் போடுகிறோம், விடை வந்ததும் மூடிவைக்கிறோம். இனிமேல் ஒரு எண்ணைப் பார்க்கும்போது, இது எந்த ஊரில் பிறந்தது என்று ஒரு தடவையாவது கேட்டுப்பார்க்க வேண்டும் என்று தோன்றுகிறது. இல்லாவிட்டால் மேஜை மேல் வியர்க்கும் தண்ணீர் பாட்டில் நம்மைப் பார்த்துச் சிரிக்கும்.